காட்டரைஸ் என்றால்

மூக்கின் இரண்டு துவாரங்களிலும் மருந்துப் பஞ்சை அடைத்து, "மரத்துப் போகட்டும், வெளிய உக்காருங்க, கூப்பிடறேன்" என்று நர்ஸ் அனுப்பி வைத்ததும், தையல்நாயகி சுவரோரம் கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "டாக்டரு என்னமோ பண்ணணும்னாரே, அப்படின்னா என்னடி?" பஞ்சு அடைத்த குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "ஒண்ணுமில்லம்மா. ரத்தம் கசியற எடத்துல ஒரு மருந்து வைப்பாங்க. நீ பேசாம வாயால மூச்சு விடு" என்றாள் வசுமதி. சொன்ன உடனேயே அது பொய் என்று தெரிந்தது. மருந்து வைப்பதில்லை. டாக்டர் சொன்ன வார்த்தை வேறு. "சின்னக் குழாய் ஒண்ணு ஒடஞ்சு ஒடஞ்சு ரத்தம் வருது. பயப்பட ஒண்ணுமில்ல. காட்டரைஸ் பண்ணிட்டா நின்னுடும்" என்று அவர் தலையில் மாட்டியிருந்த விளக்கை அணைத்தபடி சொன்னபோது, அம்மா அவரைப் பார்க்கவில்லை, இவளைத்தான் பார்த்தாள். எங்கே போனாலும் அம்மா இப்படித்தான். பேங்கில், ரேஷன் கார்டு மாற்றப் போன இடத்தில், கண் ஆஸ்பத்திரியில் எதிராளி பேசி முடித்ததும் முகத்தை மகள் பக்கம் திருப்பிவிடுவாள். இங்கிலீஷ் தெரிந்தவள், அமெரிக்க டாக்டர்கள் பேசுவதைக் காதில் மாட்டிக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துச் சம்பாதிக்கிறவள், இந்தக் கும்பகோணத்து டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையா தெரியாமல் போகும்? தெரியும். தெரிந்ததைத்தான் சொல்ல முடியவில்லை. ஆட்டோவில் வரும்போது கூட அம்மா தைரியமாகத்தான் இருந்தாள். மூன்று நாளாக முந்தானை முந்தானையாக ரத்தம் பார்த்த பிறகும், "ஒடம்புல இருக்கற சூடு, எளநி குடிச்சாச் சரியாப் போயிடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது கைகளை மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, வாயைத் திறந்துகொண்டு, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறந்துகொண்டு இருக்கிற அம்மாவை வசுமதி அதற்கு முன் பார்த்ததில்லை.

காட்டரைஸ். வேலையில் சேர்ந்த புதிதில் அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. யாரோ ஒரு டெக்ஸாஸ் டாக்டர், வாய்க்குள் மிட்டாய் போட்டுக்கொண்டு பேசுகிறவர் போல, குடலில் இருந்த சின்னச் சதையை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காட்டரைஸ் செய்ததாகச் சொன்னார். திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். கடைசியில், புருஷன் கோபிநாத் பேங்க் பரீட்சைக்கு வாங்கி வைத்து அதோடு மறந்தும் போன தடியான அகராதியை எடுத்துப் பார்த்தாள். இரும்பினாலோ மருந்தினாலோ சுட்டுப் புண்ணை அடைத்தல் என்று இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். சொல் எங்கிருந்து வந்தது என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்ததையும் படித்துத் தொலைத்தாள். கிரேக்க மொழியில் எரிப்பதற்கு ஒரு சொல். அதிலிருந்து சூட்டுக்கோலுக்கு ஒரு பெயர், மாட்டுக்கும் அடிமைக்கும் குறி போடுகிற கோல். அந்தக் கோலின் பெயர்தான் லத்தீன் வழியாக நடந்து நடந்து இங்கிலீஷுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குள் புகுந்து, கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு அவள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கங்களிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு சொல்லைப் பிடித்தால் அது இன்னொன்றைக் காட்டிக்கொடுத்தது. பேனாவுக்கு ஊற்றுகிற இங்க் கூட அதே குடும்பம்தானாம், சுட்டுப் பதித்தது என்று பொருளாம். அமைதிக்குச் சொல்கிற காம் என்ற வார்த்தையும் அங்கேதான் போய் முடிகிறது. உச்சி வெயிலின் எரிச்சலுக்கு ஒரு பெயர் இருந்து, அந்த வேளையில் ஆளும் மாடும் அசையாமல் படுத்துக் கிடப்பதால் அசையாமைக்கே அந்தப் பெயர் வந்துவிட்டதாம். எரிச்சல் எப்படி அமைதி ஆகும் என்று வேறு யாராவது கேட்கலாம், அவளுக்குப் புரிந்தது. மாயவரத்தில் அவள் வளர்ந்த வீட்டில் மத்தியானங்கள் அப்படித்தான் இருந்தன. அகராதியில் மூன்றாவதாக ஒரு பொருளும் இருந்தது: உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போகச் செய்தல். அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அரிசி களையப் போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ நூறு தடவை அந்த வார்த்தையை டைப் அடித்தாயிற்று. விரல் தானாக அடிக்கும். நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்பார்கள். அதுபோல, ஒரு தடவை பொருள் பார்த்த சொல்லை மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

இடது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, அவளுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. நீளவாக்கில், ஒரு பக்கம் அகலமாகவும் இன்னொரு பக்கம் ஒடுங்கியும், மற்ற தோலைவிட வெளுத்து, குளிர்நாளில் மினுங்கும். கல்யாணமான புதிதில் கோபிநாத் விரலால் தடவி, "இது என்ன?" என்று கேட்டான். "சின்ன வயசுல மஞ்சக்காமாலை வந்துது, சூடு போட்டாங்க" என்றாள். அவன் ஊரிலும் போடுவார்கள், அவன் அக்காவுக்கும் போட்டிருக்கிறார்கள், அதனால் மேலே கேட்கவில்லை. அவள் அவனிடம் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் அவளுக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோதும், பெரியம்மா கேட்டபோதும், எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் கையைத் திருப்பிப் பார்த்து "இம்மாம் பெரிசாவா போடுவாங்க" என்று அங்கலாய்த்தபோதும் இதேதான் பதில். அம்மா சொல்லிக்கொடுத்த பதில். சொல்லிச் சொல்லி அது நடந்ததாகவே ஆகிவிட்டது. காமாலையும் வந்தது உண்மைதான். கண் மஞ்சளாகி, மோர்ச் சோறும் கீழாநெல்லியுமாக அவள் கூடத்தில் பாயில் கிடந்தது நினைவிருக்கிறது. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்ததும் நினைவிருக்கிறது. கை எரிந்ததும் நினைவிருக்கிறது. ஆனால் பாயில் கிடந்தபோது கை எரிந்ததா? அங்கேதான் ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்ளும். பாயில் படுத்திருக்கிற குழந்தையின் கையைத் தேடினால் கை வெறுமனே இருக்கும். எரிகிற கையைத் தேடினால் குழந்தை நின்றுகொண்டிருக்கும், பள்ளிக்கூடத்துப் பாவாடையோடு, அடுப்பங்கரை வாசலில். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பாள். ஓரங்கள் ஒட்டாது. சரி, குழந்தைகளுக்கு எல்லாம் குழம்பித்தான் நினைவிருக்கும் என்று விட்டுவிடுவாள். விட்டுவிட்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கிறாள்.

நின்றுகொண்டிருந்த குழந்தைக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். அப்பா சிங்காரவேலு பஸ் கண்டக்டர், மாயவரத்துக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற வண்டி. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் போட்டு டெப்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது லீவு நாட்களில் அவள் வேலை. அன்றைக்குத் தூக்கோடு போனவள், டெப்போவுக்குப் பின்னால் புளியமரத்தடி பெஞ்சில் அப்பா ஒரு பெண்ணோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அந்தப் பெண் ஆரஞ்சுப்பழம் உரித்து ஒவ்வொரு சுளையாக அப்பா கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து இவள் பார்த்ததில்லை. அதில் தப்பு இருப்பதாகவும் இவளுக்குத் தோன்றவில்லை. ஒரு சுளை கேட்கலாமா என்றுதான் தோன்றியது. தூக்கை டிரைவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், தெருக்குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்களிடம், "எங்கப்பாவுக்கு ஒரு அத்தை ஆரஞ்சுப்பழம் உரிச்சுக் குடுக்கறாங்க" என்று சொன்னாள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். "எந்த அத்தைடி?" என்று பிச்சையம்மாள் கேட்டாள். "தெரியலையே, சீர்காழியிலேர்ந்து வருவாங்களாம், டிரைவர் மாமா சொன்னாரு." அவ்வளவுதான் பேசினது. பிறகு வீடு. பிறகு அடுப்பங்கரை வாசல். அம்மா ஏற்கனவே கேள்விப்பட்டிருந்தாளா, குழாயடியிலிருந்து பேச்சு அவளைவிட வேகமாக வீட்டுக்குப் போய்விட்டதா, அம்மா ஏதாவது கேட்டாளா, எதுவும் இல்லை. அந்த இடத்தில் வெறும் வெளிச்சம்தான் இருக்கிறது, ஓட்டுச் சந்து வழியாகத் தரையில் விழுந்த வெயில் வட்டம். தெருவில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் கை. இதுதான் ஒரு கதை. இன்னொரு கதை பாயும் கீழாநெல்லியும். இரண்டில் எது என்று கேட்பதற்கு அப்பா இல்லை, பிச்சையம்மாள் இல்லை. இருக்கிற ஒரே ஆள் வாயைத் திறந்துகொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் எப்படிக் கேட்பது? அதுவும் இன்றைக்கு, இப்போது, உள்ளே கூப்பிட்டு அவளுக்கு அதையே செய்யப்போகிறபோது? பழிவாங்குகிற மாதிரி ஆகிவிடும். அப்படி ஒரு எண்ணம் தனக்குள் இருக்கிறதா என்று வசுமதி பார்த்தாள். ஓரத்தில் ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அம்மாவின் உதட்டின் மேல் சிவப்பாக ஒரு துளி இறங்கியது. கைக்குட்டையால் ஒற்றி எடுத்தாள். அம்மா முகத்தைக் காட்டிக்கொண்டு குழந்தை மாதிரி இருந்தாள்.

சொல்லிவிடுவதுதான் சரி. உள்ளே போய் அம்மா பார்த்துப் பயந்து தலையை இழுத்துக்கொண்டால் டாக்டர் கையிலிருக்கிற கம்பி வேறெங்காவது பட்டுவிடும். அமெரிக்காவில் கூட நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, அவர் புரிந்துகொண்டு சம்மதித்தார் என்றுதான் டாக்டர் சொல்வார், அவளும் டைப் அடிப்பாள். எப்படிச் சொல்வது? தீய்ப்பாங்க என்றால் தோசை மாதிரி இருக்கிறது. பொசுக்குவாங்க என்றால் முடி. சுடுவாங்க என்றால் வடை, இல்லாவிட்டால் போலீஸ். கரண்ட் வைப்பாங்க என்றால் அம்மா இப்போதே எழுந்து போய்விடுவாள். எதை எடுத்தாலும் கடைசியில் அந்த ஒரே இடத்தில்தான் போய் முட்டியது. தமிழில் அதற்கு ஒரே பேர்தான், எல்லோருக்கும் தெரிந்த பேர். அந்தப் பேரை இந்த வயதில் அம்மாவைப் பார்த்து அவள் சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சொல் வந்ததே இல்லை. மற்றவர்களிடம் சொல்வார்கள், ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதில்லை. மகள் இட்லிக்கு மாவு அரைக்கும்போது, துணி உலர்த்தும்போது, கையைத் தூக்கும்போது எல்லாம் அம்மாவின் கண் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகும். சூடு கண்ட பூனை மாதிரி. ஆனால் பூனை எது, அம்மாவா, அவளா? "அம்மா" என்று ஆரம்பித்தாள். தையல்நாயகி திரும்பினாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்துவிட்டாள். சின்னப் பெண், சிரித்த முகம். "வாங்க பாட்டி. மரத்துப் போச்சா? லேசா சூடு வைக்கப் போறோம், அவ்வளவுதான். ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். அக்கா, நீங்களும் வாங்க, தலையைப் பிடிச்சுக்கணும்."

அம்மா எழுந்திருக்கவில்லை. "சூடா?" என்றாள். நர்ஸ், "ஆமா பாட்டி, வலிக்காது" என்று கையைப் பிடித்தாள். அம்மா மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இருக்கும் என்று வசுமதி எதிர்பார்த்திருந்தாள். பயம் இல்லை, கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு கண் முதன்முதலாக நேராக இறங்கி அந்தக் கைக்குப் போயிற்று, அங்கே கொஞ்சம் நின்றது, மேலே வந்தது. "ஏண்டி மருந்துன்னு சொன்ன?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் புடவையைச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தாள். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்து, பஞ்சை உருவி எடுத்தார்கள். டாக்டர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு பேனா மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தார். வசுமதி நாற்காலிக்குப் பின்னால் நின்று அம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நரைமுடிக்குள் மண்டை சிறியதாக, சூடாக இருந்தது. டாக்டர் காலால் எதையோ அமுக்க, மெல்லிய கூவல் ஒன்று கேட்டது. அம்மா அசையவில்லை. ஒரு நூல் புகை. முடி கருகினது மாதிரி, அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக ஒரு வாசனை. அந்த வாசனையோடு சேர்ந்து, அந்த வெயில் வட்டத்துக்குள் இதுவரை வராத ஒன்று வந்து நின்றது: தன் கையைப் பிடித்திருந்த அம்மாவின் இன்னொரு கை. எவ்வளவு நடுங்கியது அது. அந்த நடுக்கம் இந்த உடம்பில்தான் இருந்தது, இந்தத் தலை அப்போது கறுப்பாக இருந்தது. நோய்க்குச் சூடு வைக்கிறவர்களின் கை அப்படி நடுங்காது. இப்போது அம்மாவின் தலையைப் பிடித்திருக்கிற தன் கையைக் குனிந்து பார்த்தாள். நடுங்கவில்லை. "அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

ஒரு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக்கூடாது, விரல் விடக்கூடாது, கொதிக்கக் கொதிக்க எதுவும் குடிக்கக்கூடாது, குனிந்து கனமான சாமான் தூக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லி, களிம்பு ஒன்றைக் கொடுத்து அனுப்பினாள். வெளியே வெயில் ஏறியிருந்தது. மகாமகக் குளத்துப் பக்கமிருந்து வந்த ஆட்டோவை நிறுத்தி அம்மாவை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு அம்மா, எதிரே போகிற லாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு வலிக்கல. மரத்துப்போக மருந்து வச்சுட்டுத்தான் வச்சாங்க. உனக்கு அதுவும் இல்ல."

ஆட்டோ ஒரு மாட்டு வண்டிக்காக நின்று மறுபடி கிளம்பியது. "காமாலைக்குத்தானேம்மா போட்ட?" என்றாள் வசுமதி. குரல் சாதாரணமாகத்தான் வந்தது, காய் என்ன விலை என்று கேட்கிற மாதிரி.

"காமாலை அதுக்கு முந்தின வருஷம்."

"அப்ப நான் சொன்னதுக்குத்தான்."

"ம்." அம்மா களிம்பு டப்பாவை மடியில் திருப்பித் திருப்பி வைத்தாள். "நீ பொய் சொல்லியிருந்தா ரெண்டு அடியோட விட்டிருப்பேன். நெசம்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெருவுக்குத் தெரியாம இருந்துது."

"உன்கிட்ட மட்டும் வந்து சொல்லியிருந்தா?"

அம்மா யோசித்தாள். அவசரப்படாமல், உண்மையாகவே யோசித்தாள். வசுமதி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லடி என்று சொல்லிவிடுவாள், கண் கலங்குவாள், கையைப் பிடித்துக்கொள்வாள், அதற்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்று உள்ளே ஒரு பதற்றம் ஓடியது. "அப்பவும் போட்டிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாள் தையல்நாயகி. "அன்னிக்கு யாராவது ஒருத்தருக்குப் போட்டிருப்பேன். அவரு வீட்டுல இல்ல."

வசுமதி வெளியே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதோடு சேர்ந்து, காலில் நெடுநாளாக இருந்த முள் ஒன்று வெளியே வந்து விழுந்த மாதிரியும் இருந்தது. முள் இருந்த இடம் வலிக்கத்தான் வலித்தது. அவள் பைத்தியக்காரி இல்லை. அவளுக்கு நினைவிருந்தது எல்லாம் நடந்ததுதான். பாயில் படுத்த குழந்தை ஒரு குழந்தை, வாசலில் நின்றது அடுத்த வருஷத்துக் குழந்தை, இரண்டையும் இனிமேல் ஒட்டவைக்க வேண்டியதில்லை. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "வெயில் படுது, இந்தப் பக்கம் நகந்து உக்காரு" என்றாள். அம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். தோள் தோளில் பட்டது. இரண்டு பேரும் விலகிக்கொள்ளவில்லை. ரயிலடி தாண்டியது. அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு அவ என்ன பொடவ கட்டியிருந்தா?"

இவ்வளவு காலத்தில் அம்மா அதை அவளிடம் கேட்டதே இல்லை. யார், எப்படி இருந்தாள், என்ன செய்தாள், எதுவுமே கேட்டதில்லை. பார்த்தவள் இவள் ஒருத்திதான். தனக்கு நினைவிருக்கும் என்று வசுமதி எதிர்பார்க்கவில்லை. வாயைத் திறந்ததும் அது அப்படியே இருந்தது.

"வாடாமல்லி கலரு" என்றாள். "சின்னதா வெள்ளைக் கட்டம் போட்டது. நூல் பொடவைதான். பழசு."

"பழசா" என்றாள் அம்மா. "செவப்பா இருந்தாளா?"

"இல்லம்மா. உன்ன மாதிரிதான் இருந்தாங்க."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். மேலே சொல் என்பது போல அவள் பக்கம் காதைச் சாய்த்தாள். ஆட்டோ சத்தத்தில் காதில் விழாது என்று வசுமதி கொஞ்சம் நெருங்கி, டெப்போ வாசலில் நுழைந்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.